கேமராவுக்கு எடுத்த ஆரத்தி

நான் ஆரத்தி எடுக்காத கட்சி இந்தப் பக்கத்தில் கிடையாது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும், ஜீப்பில் கை கூப்பிக்கொண்டு வந்த எல்லோருக்கும் எடுத்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் நடுவில் கட்சி மாறிப் போய், அடுத்த தேர்தலில் வேறு துண்டோடு வந்து, என்னிடமே மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொள்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: தட்டில் கற்பூரம் அணையக் கூடாது.

இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, ஓய்வு எடுத்துக்கொண்டேன். போன தேர்தலில் எங்கள் அயனம்பாக்கத்து மகளிர் குழுப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். முதல் முறையாகத் தட்டு எடுக்கப் போகிறார்களாம். கையில் ஆளுக்கொரு போன்.

“பெரிம்மா, நீ அப்போவே டிவில வந்த ஆளாமே. எப்டி நின்னா எங்க மூஞ்சி தெரியும், சொல்லேன்.”

“மூஞ்சியா? உன் மூஞ்சி எவனுக்குடி வேணும்? கேமராவுக்குத் தட்டுதான் வேணும்.”

சிரித்தார்கள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் எப்போதாவதுதான் கிண்டல் செய்யாமல் பேசுவேன், அப்போது யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். சில இடங்களில் ‘இப்படியெல்லாம் எழுதக் கூடாது ஆயா’ என்றாள். அந்த இடங்களை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளில் நான் ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் டிவி இருந்தது. அந்த வீட்டம்மா தூத்துக்குடிப் பக்கம். தேர்தல் சமயத்தில் செய்தி ஓடும்போது சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். தலைவர் மேடையில் கையை ஆட்டுவார், வாய் அசையும், சத்தம் வராது. செய்தி வாசிக்கிற அம்மா அவருக்குப் பதிலாக இரண்டு வரி சொல்லிவிட்டு மழைச் செய்திக்குப் போய்விடுவார்.

“அவரு பேசுதது ஏம்மா கேக்கல? டிவி ரிப்பேரா?” என்று வீட்டம்மாவின் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன்.

“பேசி என்ன புதுசா சொல்லப் போறாவ? நீ சோப்ப கழுவு” என்றார். அரசியல் பாடம் எனக்கு அந்த ஒரு வரியில் முடிந்தது.

கஜபதி அண்ணன் என்னைக் கண்டுபிடித்தது ரேஷன் கடை வரிசையில். மண்ணெண்ணெய் வரவில்லை என்று நாற்பது பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ சொல்ல, நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாக நின்றிருந்த கஜபதி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “லாரில ஏத்துனா இத்தினி பேரும் உன் பின்னாடி வருவாங்களா?” என்று கேட்டார். வந்தார்கள். முதல் தேர்தலில் லாரி, இரண்டாவது தேர்தலில் தட்டு. அவ்வளவுதான் என் படிப்பு.

கஜபதி அண்ணன் வட்டச் செயலாளர். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, சட்டைப் பையில் சீப்பு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மனது நன்றாக இருந்தால், “இன்னா கன்னிம்மா, குந்து” என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். “வாங்கம்மா, உக்காருங்கம்மா” என்று யாரையாவது சொன்னாரென்றால், அந்த ஆள் மறுநாள் கட்சி ஆபீஸ் பக்கம் வர மாட்டான். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டிருக்கிற வரை முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். மாட்டிக்கொண்டால் முடிந்தது. நான் எத்தனையோ தலைவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்தக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறது.

தட்டு வேலை சொல்லித் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளைத் தட்டுதான் வேண்டும், எவர்சில்வர் வெயிலில் கண்ணைக் குத்தும். தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் ரத்தம் மாதிரி ஆகிவிடும், வேட்பாளர் பயந்துவிடுவார். நடுவில் வெற்றிலை மிதக்கவேண்டும், அதன் மேல் கற்பூரம். வெற்றிலையின் மேல்பக்கம் நனைந்தால் போச்சு. ஜீப் வரும்போது பற்றவைக்கக் கூடாது, ஜீப் நின்று புழுதி அடங்கியதும் பற்றவைக்கவேண்டும். மூன்று சுற்று. கடைசியில் கட்டைவிரலைத் தட்டுத் தண்ணீரில் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டு. மிச்சத்தைத் தெருவில் கொட்டிவிட வேண்டும். இது பழைய முறை. திருஷ்டி கழிய இது போதும்.

தொண்ணூறுகளில் தனியார் டிவி வந்தது. வந்த பிறகு திருஷ்டியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

முதலில் நேரம் மாறியது. படம் பிடித்த கேசட்டை ஒருவர் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் பறக்கவேண்டும். மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சாயங்காலச் செய்தியில் வரும். ஆகவே பதினோரு மணிக்கு மேல் கொடுத்த வாக்குறுதி செய்தியில் வராது. பெரிய வாக்குறுதியை எல்லாம் காலையில் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் குத்தம்பாக்கம் பக்கம் சொன்ன சின்னச் சின்ன வாக்குறுதிகளில் ஒன்றிரண்டை நிறைவேற்றினார்கள் என்றுகூடக் கேள்வி. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம்தான்.

அடுத்தது வெயில். ஆரத்தி எடுக்கிற பெண் கிழக்கே பார்த்து நிற்பது வழக்கம். கேமராக்காரர் அதை மாற்றினார். அவருக்குத் தாடி இருந்ததால் நாங்கள் தாடி என்று பெயர் வைத்திருந்தோம். வெயில் வேட்பாளர் முகத்தில் விழவேண்டும், எங்கள் முதுகு கேமரா பக்கம் இருக்கவேண்டும், தட்டு நெஞ்சுக்கு மேல் வரக் கூடாது. கேமராவைப் பார்க்கவே கூடாது. “பாக்காதம்மா, நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கோ” என்பார். இல்லை என்று நினைத்துக்கொள்வதற்குத்தான் நாங்கள் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். சுற்று மெதுவாக இருக்கவேண்டும். சரியாக வரவில்லை என்றால், வேட்பாளர் ஜீப்பில் ஏறி நூறு அடி பின்னால் போய் மறுபடி வருவார். நாங்களும் மறுபடி அதிர்ச்சியும் சந்தோஷமும் அடைவோம். அம்பத்தூரில் ஒருவருக்கு ஆறு தடவை சுற்றினோம். ஆறு திருஷ்டி கழித்தும் தோற்றுவிட்டார்.

தாடியோடு மைக் பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். பேன்ட்டுக்குள் சட்டையை விட்டிருப்பார், கழுத்துப்பட்டை அழுக்காகாமல் இருக்கக் கைக்குட்டை சுற்றியிருப்பார். நல்லவர்தான். ஆனால் அவரிடம் மொத்தம் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. ‘உங்க ஆதரவு யாருக்கு?’ என்பது ஒன்று. ‘உற்சாகமா இருக்கீங்களா?’ என்பது இன்னொன்று.

இனிமேல் தனம் கதை.

தனம் என் தட்டுப் பெண்களில் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். திருமழிசைக்கு உள்ளே, வயலை ஒட்டி இருபது வீடுகள் உள்ள ஒரு தெருவில் இருந்தாள். தெருவுக்கு ஒரே கிணறு. பின்னால் ஒரு முலாம் பூசும் பட்டறை வந்தது. பட்டறை வந்து இரண்டு வருஷத்தில் கிணற்றுத் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகிவிட்டது. அதில் குளிப்பாட்டித்தான் தனத்தின் மகளுக்கு நாலு வயதில் கால் முழுக்கப் புண். குடிக்கிற தண்ணீருக்கு நெடுஞ்சாலை வரைக்கும் போய் லாரிகளுக்கு நடுவில் குடத்தோடு ஓடவேண்டும். ஊராட்சித் தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது. அங்கேயிருந்து தெருவுக்கு ஒரு பைப் இழுத்தால் போதும். தனம் மூன்று வருஷமாக மனு கொடுத்தாள். மனுவை வேட்பாளர் வாங்குவார், பின்னால் நிற்பவரிடம் கொடுப்பார், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். ஒரு தடவை அந்த மனுவைப் போட்டு ஜீப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்ததைத் தனமே பார்த்தாள். சீட் சூடாக இருந்திருக்கும்.

அந்த முறை பிரசாரம் ஆரம்பித்த முதல் வாரத்தில், பூந்தமல்லியில் ஆரத்தி முடிந்ததும் மைக்காரர் தனத்திடம் வந்தார்.

“உங்க ஆதரவு யாருக்கும்மா?”

“எங்க தெருவுல கெணறு கெட்டுப்போச்சு சார். கொயந்த காலெல்லாம் புண்ணாகீது. வந்து ஒரு தபா பாருங்க சார்.”

மைக்காரர் மைக்கை இறக்கினார். “தண்ணிப் பிரச்சினைக்கு விஷுவல் இல்லம்மா” என்றார்.

“இன்னா இல்ல?”

“காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. கெணத்துக்குள்ள கேமராவ வெச்சா இருட்டாத்தான் தெரியும். கண்ணுக்கு அழகா ஏதாவது இருந்தா செய்தியில போடலாம். நீங்க ‘எங்க ஓட்டு அண்ணனுக்குத்தான்’னு ஒரே ஒரு வரி சொல்லுங்க, போதும்.”

தனம் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவள் சொன்னாள், சாயங்காலம் டிவியில் வந்தாள்.

மறுநாள் தனம் வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தைக்குக் காலில் வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது.

“இன்னாடி இது, ஆரத்தி கலந்து வெச்சிகிறே? இன்னிக்கு யாரு வராங்க?” என்றேன்.

“ஆரத்தி இல்லக்கா. கெணத்துத் தண்ணி.”

நான் வாளியையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த கை எனக்கு. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

“தனம், அந்தாளு கண்ணுக்கு அழகா ஏதோ கேட்டாரே.”

“ஆமா.”

“இத்த வுட அழகா இன்னாடி வேணும்?”

திட்டம் இதுதான். வியாழக்கிழமை கஜபதி அண்ணன் கட்சி வேட்பாளர் தனத்தின் தெரு முனைக்கு வருகிறார். பதினோரு தட்டு. ஒன்றிலும் மஞ்சள் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றி ஆரத்தி எடுப்போம். தாடி ஆசையாகப் பிடிப்பார். முடிந்ததும் தனம் மைக்கில் சொல்லிவிடுவாள். படமும் இருக்கும், பேச்சும் இருக்கும். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் பத்துத் தடவை சொன்னேன்: பொட்டு வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் மனுஷன் மேல் படக் கூடாது.

“நம்ம மேல தெனம் படுதேக்கா” என்றாள் ஒருத்தி.

“நாம ஓட்டுப் போடற மனுசங்கடி, ஓட்டுக் கேக்கற மனுசன் இல்ல.”

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. வேட்பாளர் பெரிய உடம்பு, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், அதனால் யாரைப் பார்த்தாலும் பந்திக்குக் கூப்பிடுவது மாதிரியே சிரிப்பார். பூந்தமல்லியில் போட்ட ஆளுயர மாலையின் ஜிகினாக் கம்பி அவர் நெற்றியில் கீறியிருந்தது. சின்னக் கீறல்தான். அதை நான் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

பதினோரு தட்டும் வெயிலில் ஒன்றாக மின்னியதும் தாடி, “அடடா! இன்னா கலரு! எந்தக் கடை குங்குமம்மா இது?” என்றார். என் வாழ்க்கையில் ஒரு கேமராக்காரர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். முதல் சுற்று எல்லோரும் ஒழுங்காக எடுத்தோம். யாரும் பொட்டு வைக்கவில்லை. தாடி கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார்.

“இன்னாமோ முடியாத மாதிரி கீதே. சரி, இன்னொரு வாட்டி.”

ஜீப் பின்னால் போய் மறுபடி வந்தது. இரண்டாம் தடவைதான் கை தன் வேலையைச் செய்தது. எத்தனை வருஷப் பழக்கம்! மூன்றாவது சுற்று முடிந்தால் கட்டைவிரல் தானாகத் தண்ணீரில் முங்கும், தானாக நெற்றிக்குப் போகும். நான் வாயைத் திறப்பதற்குள் தனம் வைத்துவிட்டாள், நட்டநடுவில், கீறல் மேலேயே. அவள் வைத்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வைத்தார்கள்.

“ஆங், அதான்! பொட்டுதான் கொறச்சலா இருந்திச்சு!” என்றார் தாடி.

வேட்பாளர், “இன்னாம்மா, எரியுதே?” என்றார்.

“கற்பூரச் சூடுங்க அண்ணா” என்றேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் பழக்கத்தில் இருக்கும்.

மைக்காரர் தனத்திடம் வந்தார். தனம் மூச்சு விடாமல் சொன்னாள். “சார், இது மஞ்சத்தண்ணி இல்ல. எங்க கெணத்துத் தண்ணி. மொந்தையில மொண்டு அப்டியே ஊத்திக்கீறோம். பட்டறைக் கயிவு ஊறி இப்டி ஆச்சு. இதுலதான் எங்க கொயந்தைங்க குளிக்குது. தொட்டிலேர்ந்து ஒரு பைப்பு போட்டா போதும் சார்.” மைக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “ரொம்ப நல்லா வந்துச்சும்மா” என்றார். தனம் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது.

சாயங்காலம் தெருவே மளிகைக் கடை முன்னால். கடைக்காரர் டிவியை அரிசி மூட்டை மேல் தூக்கி வைத்திருந்தார். தனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். வந்தது. பதினோரு தட்டு, கிட்டத்தில் ஒரு தட்டு, தண்ணீர் தளும்பித் தளும்பி அவ்வளவு அழகாக இருந்தது. பொட்டு. பிறகு தனத்தின் முகம். அவள் வாய் அசைந்தது. அவள் சத்தம் வரவில்லை, நாதஸ்வரம் வந்தது. அதன் மேல் ஒரு குரல், ‘வழிநெடுகப் பெண்கள் மங்கல ஆரத்தி எடுத்து உற்சாக வரவேற்பு’ என்றது. நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்து கிரிக்கெட்.

“அம்மா டிவில! அம்மா டிவில!” என்று குழந்தை காலைச் சொறிந்துகொண்டே கத்தியது.

“எம் வாயி அசஞ்சிச்சேக்கா. சத்தத்த எங்க வெச்சாங்க?” என்று தனம் கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே எதிர்க்கட்சி ஆள் ஒருவர் வந்து, எங்களுக்கும் அதே கலர் வேண்டும் என்று கேட்டார். கிணற்றைக் காட்டினேன். நான் விளையாடுகிறேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வேட்பாளரின் நெற்றி வீங்கிவிட்டது. நெற்றியில் ஒரு வெள்ளைக் கட்டோடு வெளியே வந்தார். அவ்வளவுதான், டிவிக்குத் திருவிழா. கட்டு முன்னால் இருந்து, கட்டு பக்கவாட்டில் இருந்து, கட்டோடு கும்பிடுவது, கட்டோடு இளநீர் குடிப்பது. மைக்காரர் அவர் வீட்டு கேட் முன்னால் நின்று, ‘இது தாக்குதலா? சதியா? தொண்டர்கள் கொந்தளிப்பு’ என்றார். பின்னால் இரண்டு தொண்டர்கள் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சி, அது வெறும் நாடகம், கட்டுக்குள் ஒன்றுமில்லை என்றது. இரண்டு நாள் அந்தத் தொகுதியில் அந்தக் கட்டுதான் நின்றது, வேட்பாளர் நிற்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலீஸ் விசாரிக்கிறது என்றார்கள். படத்தில் தெளிவாக, கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் தெரிந்தது தனத்தின் கட்டைவிரல். பைப் கேட்கப் போனவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பப் போகிறேனே என்று பயந்தேன்.

திங்கட்கிழமை காலை கஜபதி அண்ணன் கட்சி ஆபீஸுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கம்மா. உக்காருங்கம்மா.”

உட்கார்ந்தேன்.

“டாக்டரு ஏதோ கெமிக்கல்னு சொல்றாரு. தட்டுல இன்னாம்மா ஊத்துனீங்க?”

“தண்ணிதான் அண்ணாத்தே.”

“எந்தத் தண்ணி?”

“உங்க வட்டத்துத் தண்ணி. எங்கள குளிக்கச் சொல்லிகீற தண்ணி.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார்.

“பொட்டு வெச்சது யாரும்மா? பேரு மட்டும் சொல்லுங்க. மேலேர்ந்து கேக்கறாங்க. ஒரு பேரு குடுத்தா முடிஞ்சிரும். இல்லாட்டி பதினோரு பேரையும் கூப்புடுவாங்க.”

“என் பேரு எய்திக்கோங்க.”

“பொட்டு வெக்கிற படத்துல நீங்க இல்ல. நான் பாத்தேன்.”

“சரி. கூப்புடுங்க. பதினோரு பேரும் வரோம், தட்டோட வரோம்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஸ்டேசன் வாசல்ல டிவி நிக்கும். டிவிகாரங்க அன்னிக்கு தனத்துகிட்ட இன்னா சொன்னாங்க தெரியுமா? தண்ணிப் பிரச்சினைக்குக் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லேன்னாங்க. இப்போ கீதே அண்ணாத்தே. அண்ணனோட நெத்தி கீது. ஒரு தபா ஒரு பொட்டு வெச்சதுக்கே இப்டின்னா, தெனம் குளிக்கிற கொயந்தைக்கு எப்டி கீதுன்னு கால காட்டுவோம். ஒரு பக்கம் நெத்தி, ஒரு பக்கம் காலு. சோக்கா இருக்கும். தாடி அழுதுடுவாரு.”

கண்ணாடி துடைப்பது நின்றது. மறுபடி ஆரம்பித்தது. சுவரில் ஒரு பல்லி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற வரை துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

“எத்தினி அடி பைப்பு வேணும், கன்னிம்மா?”

‘ங்க’ போய்விட்டது.

“தொட்டிலேர்ந்து தெரு முனைக்கு ஐந்நூறு அடி.”

“தேர்தல் நேரம். புதுசா கொழா போட்டா எதிர்க்கட்சிக்காரன் புகார் குடுத்துருவான்.” எழுந்து யாருக்கோ போன் போட்டார், சிரித்தார், வைத்தார். “உங்க தெருவுல ஏற்கெனவே கொழா கீதாம். நாலு வருசமா கீதாம், ஊராட்சி நோட்டுல. ரிப்பேருன்னு செஞ்சிருவோம்.”

“நாலு வருசமா எங்க கண்ணுக்குத் தெரியாம போச்சே அண்ணாத்தே, நாங்க பாவிங்க.”

“கிண்டல் பண்ணாத. ஒரு கண்டிசன். தட்டுல இருந்தது மஞ்சத்தண்ணி. நெத்தி வீங்குனது மாலைக் கம்பி. யாரு கேட்டாலும் இதான். பட்டறை பேரு யாரு வாயிலயும் வரக் கூடாது.”

ஒத்துக்கொண்டேன். என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறை அந்தப் பேரத்தில் தப்பித்தது, கிணறு அதற்குப் பிறகும் சிவப்பாகவே இருந்தது. பெரியதைக் கேட்டிருந்தால் சின்னதும் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சில நாள் சொல்லிக்கொள்கிறேன்.

தனத்திடம் போய்ச் சொன்னேன்.

“அப்போ நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்லணுமா?”

“யாரும் கேக்க மாட்டாங்கடி. அவுங்ககிட்ட கீறதே ரெண்டு கேள்விதான்.”

அங்கேதான் நான் மறுபடி தப்புக் கணக்குப் போட்டேன். புதன்கிழமை காலை பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு டிவி வண்டி வந்து நின்றது. மைக்காரர் இறங்கினார். டாக்டர் கெமிக்கல் என்று சொன்னதை எங்கேயோ காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருக்கிறார். நேராகத் தனத்திடம் வந்தார். கைக்குட்டைகூடக் கழுத்தில் இல்லை, அவ்வளவு அவசரம்.

“உண்மையைச் சொல்லுங்கம்மா. அன்னிக்குத் தட்டுல இருந்தது என்ன தண்ணி?”

மூன்று வருஷமாக அவள் எல்லோரிடமும் சொல்ல அலைந்த பதில் அது. முதல் தடவையாக ஒருவர் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறார், அதுவும் மைக்கோடு. தனம் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

“ஒரு நிமிசம்” என்றார் தாடி. “பின்னாடி பள்ளம் தோண்டிகினு கீறாங்க, படம் அசிங்கமா தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லும்மா.”

தனம் இந்தப் பக்கம் வந்து நின்றாள். பின்னால் கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது. தாடி, தோண்டுகிறவர்களிடம் ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார். தனம் பதறி, “அய்யோ, அவுங்கள நிறுத்தாதீங்க சார்!” என்றாள். அவர்கள் நிறுத்தவில்லை. பிறகு மைக்கைப் பார்த்துச் சொன்னாள்.

“மஞ்சத்தண்ணிதான் சார். நல்ல மஞ்ச, நானே அரைச்சது.”

“கிணத்துத் தண்ணின்னு அன்னிக்கு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“அன்னிக்கு நான் பேசுனதா? டிவில ஒண்ணும் வரலியே சார். மேளந்தான் வந்துச்சு.”

மைக்காரர் மைக்கை இறக்கினார். தாடி மட்டும் சிரித்தார். கேசட் கிளம்பிவிட்டது.

வேட்பாளர் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். அதை டிவியில் நிறையக் காட்டினார்கள், தேடிப் பாருங்கள்.

வேலை வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்தது. ரிப்பேர் என்று நோட்டில் எழுதிய குழாயில், கொஞ்ச நேரம் காற்று இரைந்தது, துருத் தண்ணீர் ஒரு வாளி வந்தது. பிறகு வெள்ளையாக வந்தது. இருபது வீட்டுக் குடமும் வரிசையில் நின்றது. தனத்தின் குடம் இரண்டாவது. குழந்தையை நேராகக் குழாயடியில் நிறுத்தி முதலில் காலை அலம்பினாள். அந்த நேரத்தில்தான் மளிகைக் கடையிலிருந்து கடைக்காரர் கத்தினார்.

“தனம்! ஏ தனம்! டிவில உன்ன காட்றாங்க! இந்த வாட்டி உஞ் சத்தமும் வருதும்மா, முழுசா வருது! ஓடியா!”

தனம் திரும்பவில்லை.

“கொடம் ரொம்பட்டும், இரு.”